அம்மாவும் அரை நொடியும்

1983 ஆகஸ்ட் 30-ல் சாலஞ்சர் விண்ஓடத்தில் கிளம்பிய இன்சாட்-1பி ஒரே ஆளாகப் பல வேலை பார்த்தது. தொலைபேசிப் பேச்சுக்கு சி-பேண்ட், கிராமத்து டி.வி.க்கு எஸ்-பேண்ட், மேகங்களைப் படமெடுக்கத் தனிக் கருவி.

தூரம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஏற சுமார் 36,000 கி.மீ., இறங்க அதே அளவு. ஒளி வேகத்தில் போனாலும் கால் நொடி. டி.வி. ஒருவழிப் பாதை, தாமதம் தெரியாது. பேச்சில்தான் வந்தது வினை. டில்லியிலிருந்து போடும் எஸ்.டி.டி. இன்சாட் வழியாகப் போய்விட்டால், "எப்படிம்மா இருக்கே?" என்பதற்குப் பதில் வர அரை நொடி கூடுதலாகும். உடம்பு சரியில்லையோ, மறைக்கிறாளோ என்று மனசு அடித்துக்கொள்ளும்.

அம்மா இருந்தது கடலோரத்தில். 1980களில் அதே இன்சாட் வழியாகப் புயல் எச்சரிக்கையும் வரத் தொடங்கியது. சென்னையிலிருந்து செய்தியோடு ஒரு குறியீடும் போகும். அது எந்தப் பகுதிக்கு உரியதோ, அங்குள்ள கருவிகள் மட்டும் விழித்து, சைரன் ஊதி, எச்சரிக்கையைத் தமிழில் சொல்லும்.

இன்று பேச்சு பெரும்பாலும் கண்ணாடி இழையில் ஓடுகிறது. அந்த அரை நொடி எதனால் என்று அம்மாவுக்குக் கடைசிவரை நான் சொல்லவேயில்லை.