பீலித் தண்ணியும் ஈயமும்: மலை ஏறிய பழைய கார்களின் கதை

நாவலப்பிட்டியின் வரலாறு என்றால் நாம் எல்லோரும் ரயிலிலிருந்துதான் தொடங்குவோம். பேராதெனியவிலிருந்து தண்டவாளம் இங்கே வந்தது 1874இல். நானுஓயா வரை நீள 1885 ஆனது. கோச்சிக்கு உண்மையான ஏற்றம் இந்த ஊரைத் தாண்டித்தான். பின்னால் வந்த காருக்கும் அதே கதைதான். ஆனால் காரை மலை ஏற்றியவர்களைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை. அந்தக் கதையை நாம் ரேடியேட்டரிலிருந்து தொடங்குவோம்.

எஞ்சினில் எரிகிற பெற்றோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடாகத் தண்ணீருக்குள் போகிறது. அந்தச் சூட்டைக் காற்றில் விடுவதுதான் ரேடியேட்டரின் வேலை. வில்ஹெல்ம் மேபாக் 1901ஆம் ஆண்டு மெர்சிடிஸ் காருக்காகச் செய்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சின்னச் சதுரக் குழாய்கள் இருந்தன. அதற்குப் பிறகு வந்த பித்தளை, செம்பு ரேடியேட்டர்களும் அதே எண்ணத்தில் பிறந்தவைதான்: தண்ணீர் மெல்லிசாகப் பிரிந்து ஓட வேண்டும், காற்று நிறையப் பட வேண்டும்.

தட்டையான ரோட்டில் இது சரிவரும். கினிகத்தேனைப் பக்கம் ஏறும்போதுதான் சிக்கல். நாவலப்பிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 580 மீற்றர், ஹட்டன் 1,260க்கு மேல், நுவரெலியா 1,868. ஒவ்வொரு 300 மீற்றருக்கும் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு பாகை குறையும். நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கார் முதல் கியரில் முக்கி முக்கி ஏறுது, எஞ்சின் சூடு கூடுது, முன்னாலிருந்து வருகிற காற்றோ குறையுது. ஒஸ்டின் செவன் போன்ற பழைய கார்களில் தண்ணீர் பம்பும் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே போய், ஆறிய தண்ணீர் கீழே இறங்க வேண்டியதுதான். பிறகு வந்த அழுத்த மூடி பெரிய உதவி. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம் இருந்தால் கொதிநிலை சுமார் 11 பாகை உயரும். ஆனால் மூடியின் றப்பர் காய்ந்துபோனால் அதுவும் சும்மாதான்.

கொதித்தால் நிறுத்தி, ஆறவிட்டு, ரோட்டோரப் பீலியில் தண்ணி பிடித்து ஊற்றுவார்கள். அவசரத்துக்கு அது கைகொடுத்தது. ஆனால் அந்தத் தண்ணியோடு மண்ணும் இலைத்தூளும் உள்ளே போய், துருவோடு சேர்ந்து குழாய்களை அடைத்தன. பிறகு கராஜ்தான். ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியை ஈயம் உருக்கிப் பிரித்து, மெல்லிய தகட்டுக் கம்பியால் ஒவ்வொரு குழாயாகக் குத்தி எடுப்பார்கள். வாய்களை அடைத்து, காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்குவார்கள். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. சுரண்டிப் பளபளப்பாக்கி, ஈயம் வைத்துப் பத்தவைப்பார்கள். சூடு கொஞ்சம் கூடினால் பக்கத்துப் பத்தும் விட்டுப்போகும். கைப்பக்குவம் இல்லாமல் நடக்காது. அந்த ஈயப் புகையைச் சுவாசித்ததும் அதே ஆட்கள்தான்.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. இருந்த மொரிஸ் மைனர்களும் ஒஸ்டின்களும் 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை ஓடியே ஆகவேண்டும். புது ரேடியேட்டர் கிடைக்காது. பழசையே பத்தவைத்துப் பத்தவைத்து ஓட்டினார்கள்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. தலைமன்னாருக்குப் போன ரயிலை நம் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். கார் வர முடியாத நாட்டிலிருந்து மனிதர்கள் அனுப்பப்பட்டார்கள். போனவர்களில் டிரைவர்களும் கராஜ்களில் வேலை பழகியவர்களும் இருந்திருப்பார்கள் தானே? ஒப்பந்தம் தலைகளை எண்ணியது, கைத்தொழிலை எண்ணவில்லை.

1970களுக்குப் பிறகு அலுமினியக் கூடும் பிளாஸ்டிக் தொட்டியும் சேர்ந்த ரேடியேட்டர்கள் பரவின. பாரம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் வழக்கமான ஈயம் அலுமினியத்தில் ஒட்டாது, பிளாஸ்டிக் வெடித்தால் பத்தவைக்கவும் வழியில்லை. தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு போட வேண்டியதுதான். 2020 மார்ச்சில் இலங்கை மறுபடியும் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி வரை கதவு திறக்கவில்லை. பழைய வண்டிகளின் விலை ஏறியபோது, அவற்றைத் திருத்தத் தெரிந்த கைகளின் அருமையும் கொஞ்சம் புரிந்தது.

துரைமாரின் பங்களாக்களுக்குப் படமும் புத்தகமும் உண்டு. அவர்களுடைய கார்களுக்கும் உண்டு. அந்தக் கார்களுக்கு ஈயம் வைத்தவர்களின் பெயர் எந்த ஆவணத்திலும் தேடக் கிடைப்பதில்லை. உங்கள் ஊர்க் கராஜில் பித்தளை ரேடியேட்டர் பிரிக்கத் தெரிந்த ஒரு தாத்தா இன்னும் இருந்தால், அவரிடம் போய் உட்காருங்கள். எங்கே வேலை பழகினார், யாரிடம் பழகினார், கூட வேலை செய்தவர்களில் யார் யார் கோச்சி ஏறிப் போனார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.