கையால் தோட்டா நிரப்புதல்

கையால் தோட்டா நிரப்புதல் என்பது, சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சீர்செய்து, அதில் புதிய பிரைமர், மருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தி மறுபடியும் சுடத்தக்க தோட்டாவாக்கும் வேலை. புத்தம் புதுக் கூட்டில் செய்தாலும் இதே பெயர்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இலக்குப் போட்டியாளர்களும் வேட்டைக்காரர்களும் இதைச் செய்கிறார்கள். செலவு குறைவது ஒரு காரணம். ரைஃபிள்காரர்களுக்குப் பெரிய காரணம் துல்லியம். ஆலைத் தோட்டா அந்த வகைத் துப்பாக்கி அனைத்திலும் நுழைந்து சுட்டாக வேண்டும். கையால் நிரப்பியது ஒரே ஒரு துப்பாக்கியின் குழலுக்கும் தோட்டா உட்காரும் அறைக்கும் ஏற்றபடி அமைந்தால் போதும்.

இந்தச் சுதந்திரத்துக்கு எல்லை போடுவது அறை அழுத்தம். ஆலையில் அதை அளக்கக் கருவி உண்டு. வீட்டு மேசையில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் சுட்ட கூட்டில் விழும் தடங்களைப் பார்த்து அழுத்தத்தை ஊகிக்கும் பழக்கம் வளர்ந்தது. அந்தத் தடங்கள் அதிகபட்சம் எல்லை தாண்டியதைச் சொல்லும். எல்லை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது.

வரலாறு

கரிமருந்துக் காலத்தில் வேட்டைக்காரர்கள் சுட்ட கூட்டைத் தாமே நிரப்பிக்கொள்வது சாதாரணம். 1884இல் பிரான்சில் பால் வியெய் உருவாக்கிய புகையற்ற மருந்து இந்த வேலையின் தன்மையை மாற்றியது. 1886ஆம் ஆண்டின் லெபெல் ரைஃபிள் அதைப் பயன்படுத்திய முதல் படைத்துப்பாக்கி. அடுத்து 1887இல் ஆல்ஃபிரட் நோபலின் பாலிஸ்டைட்டும், 1889இல் பிரிட்டனின் கார்டைட்டும் வந்தன. நீலகிரி அருவங்காட்டில் 1903இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை அந்த மருந்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. கரிமருந்தில் கூட்டை நிறைத்துவிட்டாலும் அதற்கென அமைந்த துப்பாக்கி தாங்கும். புகையற்ற மருந்தில் கூடு நிறையும் முன்பே அழுத்தம் ஆபத்தான உயரத்துக்குப் போய்விடலாம். அன்று முதல் தராசு இன்றியமையாத கருவியாயிற்று.

அமெரிக்காவில் இப்பழக்கம் பரவலானது இரண்டாம் உலகப் போரை ஒட்டி. கலிஃபோர்னியாவில் 1943இல் ஃபிரெட் ஹண்டிங்டன் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். நிறுவனம் முதலில் செய்தது, குண்டை அழுத்தி உருவாக்கும் அச்சுகளை. நெப்ராஸ்காவில் ஜாய்ஸ் ஹார்னடி 1949இல் குண்டு தயாரிப்பைத் தொடங்கினார். போர் முடிந்ததும் அரசிடம் தேங்கிய மருந்தை வாங்கி எடைபோட்டு விற்றார் கன்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜன். அந்த உபரி மருந்துகளின் 4895, 4831 என்ற எண்கள் இன்றும் மருந்துப் பெயர்களாக நிற்கின்றன.

தோட்டாவின் உறுப்புகள்

கூடு 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனது. சுடும்போது அது விரிந்து அறைச் சுவரோடு ஒட்டி, வாயு பின்புறம் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கி வெளியே வர இடம் தருகிறது. அடிப்பகுதி தடித்தும் கெட்டியாகவும், கழுத்து மெலிந்தும் மென்மையாகவும் இருக்கும்.

பிரைமர், துப்பாக்கியின் ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைப்பது; அடிப்பகுதியின் குழியில் உட்காரும் சிறு கிண்ணம். பாக்ஸர் வகையில் கூட்டின் நடுவில் ஒரே தீத்துளை. பெர்டான் வகையில் பொதுவாக இரண்டு. எட்வர்டு பாக்ஸர் ஆங்கிலேயர், ஹைரம் பெர்டான் அமெரிக்கர். ஆனால் பாக்ஸர் வகை அமெரிக்காவில் வேரூன்றியது, பெர்டான் வகை ஐரோப்பாவில் பரவியது. பழைய பிரைமரை ஒரே ஊசியால் தள்ளி எடுக்க முடிவதால் கையால் நிரப்புவோர் நாடுவது பாக்ஸர் கூட்டையே.

மருந்தின் எடையும் குண்டின் எடையும் கிரெயினில் சொல்லப்படுகின்றன. 7,000 கிரெயின் ஒரு பவுண்டு; ஒரு கிரெயின் 0.0648 கிராம்.

அழுத்தம் எழும் விதம்

புகையற்ற மருந்து கூட்டுக்குள் வெடித்துச் சிதறுவதில்லை. மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. சூழும் அழுத்தம் கூடக் கூட எரியும் வேகமும் கூடுகிறது என்ற விதியை வகுத்தவரும் வியெய்தான். எரிவதால் அழுத்தம் ஏறுகிறது, அழுத்தம் ஏறுவதால் எரிவது விரைகிறது. இந்தச் சுழலைத் தணிப்பது முன்னே நகரும் குண்டு. அது நகர நகர வாயுவுக்கு இடம் பெருகுகிறது. எனவே மருந்தைச் சிறிது கூட்டினால் குண்டின் வேகம் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும், அழுத்தமோ அதைவிடச் செங்குத்தாக ஏறும். உச்ச அளவை நெருங்கும்போது அரைக் கிரெயின் தரும் கூடுதல் வேகம் அற்பம், கூடுதல் அழுத்தம் அற்பமன்று.

அளவீடும் எல்லைகளும்

பழைய முறையில் அறையோடு இணைந்த சிறு செம்பு உருளை நசுங்கும் அளவிலிருந்து அழுத்தம் கணிக்கப்பட்டது. இந்த எண்ணைச் செம்பு அலகு, அதாவது சி.யூ.பி., என்பார்கள். பின்னர் வந்த பீசோ மின்னுணரி நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் ஏறி இறங்கும் அழுத்தத்தை வளைகோடாகவே காட்டுகிறது; அதன் உச்சம் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று, பிஎஸ்ஐ அலகில், தரப்படுகிறது. செம்பு மெதுவாக நசுங்குவதால் அதன் எண் பொதுவாகக் குறைவாக இருக்கும். .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ரைஃபிள் தோட்டாவின் எல்லை 50,000 சி.யூ.பி., அதுவே 60,000 பிஎஸ்ஐ. .223 ரெமிங்டனில் 52,000 சி.யூ.பி., 55,000 பிஎஸ்ஐ. ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஒரே வாய்பாடு கிடையாது. பழைய கையேட்டின் எண்ணைப் புதியதோடு ஒப்பிடுபவர் முதலில் அலகைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் எல்லைகளை வகுப்பது 1926இல் தொடங்கிய எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. என்ற உற்பத்தியாளர் அமைப்பு. ஐரோப்பாவில் 1914இல் தோன்றிய சி.ஐ.பி. ஆணையம் அதைச் செய்கிறது. .308 வின்செஸ்டருக்கு அமெரிக்க எல்லை 62,000 பிஎஸ்ஐ, ஐரோப்பிய எல்லை 4,150 பார். .30-30 வின்செஸ்டருக்கு 42,000 பிஎஸ்ஐ. .45-70க்கு 28,000 பிஎஸ்ஐதான், ஏனெனில் அது 1873ஆம் ஆண்டின் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்குப் பிறந்த தோட்டா. ஆக, எல்லையைத் தீர்மானிப்பது பித்தளையின் வலிமை மட்டுமன்று. அந்தத் தோட்டா நுழையக்கூடிய மிகப் பழைய துப்பாக்கியும்தான்.

துல்லியம் தேடும் முறை

வேலை கூட்டிலிருந்து தொடங்குகிறது. ஒரே தயாரிப்பாளரின், ஒரே எண்ணிக்கை முறை சுட்ட கூடுகளைப் பிரித்து வைப்பார்கள். டை எனும் அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும்போது, கழுத்துக்குக் கீழே சரியும் தோளைத் தேவைக்கு மேல் பின்தள்ளக் கூடாது. தள்ளினால் ஒவ்வொரு முறையும் கூடு நீண்டு அடியருகே மெலியும். மெலிந்த இடத்தை வெளியிலிருந்து காண்பது அரிது. நுனி வளைத்த கம்பியைக் கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மெல்ல மேலே இழுத்தால், சுவரில் ஒரு பள்ளத்தில் நுனி தட்டுப்படும். அந்தக் கூடு அடுத்த வெடியில் இரண்டாகப் பிரியக்கூடியது. குப்பைக்குப் போக வேண்டியது. நீண்ட கழுத்தை நறுக்குவதும் கட்டாயம். கழுத்து வாய் அறையின் முனையில் இடித்தால் குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும்.

மருந்தின் அளவு எப்போதும் அச்சிட்ட கையேட்டிலிருந்தே எடுக்கப்படும். கையேட்டின் தொடக்க அளவில், அது இல்லாதபோது உச்சத்தைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு குறைத்து, ஆரம்பித்துச் சிறு படிகளாக ஏறுவது வழக்கம். மெதுவாக எரியும் சில மருந்துகளைப் பெரிய கூட்டில் மிகக் குறைத்துப் போடுவதும் ஆபத்து. எதிர்பாராத அழுத்த எழுச்சி நேர்ந்ததுண்டு. தொடக்க அளவு கீழ் எல்லையுமாகும்.

கிரைட்டன் ஆடெட்டின் பெயரோடு சேர்ந்த ஏணிச் சோதனையில், படிப்படியாக ஏறும் அளவுகளை ஒரே குறியில் தொலைவிலிருந்து சுட்டு, குண்டுகள் எந்தெந்த உயரத்தில் விழுகின்றன என்று பார்ப்பார்கள். அடுத்தடுத்த சில படிகள் ஏறாமல் ஒரே மட்டத்தில் கூடினால், மருந்தில் சிறு பிசகு வந்தாலும் இலக்கு மாறாத இடம் அது என்று கொள்வார்கள். அதன்பின் குண்டு உட்காரும் ஆழத்தை நுணுக்கமாக மாற்றிப் பார்ப்பார்கள்.

இந்தச் சோதனைகளின் பலவீனம் எண்ணிக்கை. மூன்று குண்டுகளின் நெருக்கம் தற்செயலாகவும் அமையும். அதே தோட்டாவில் மூன்றுக்குப் பதில் பத்து சுட்டால், குழுவின் விரிவு சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். மூன்று குண்டுகளை வைத்து ஓர் அளவைத் தேர்ந்தவர், அடுத்த வாரம் அது கலைவதைக் கண்டு மருந்தின் மீது பழிபோடுவதுண்டு. உண்மையில் அவர் தேர்ந்தது அதிர்ஷ்டத்தை.

அழுத்த அறிகுறிகள்

கூட்டின் அடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதே முதல் பரிசோதனை. சாதாரண அழுத்தத்தில் பிரைமரின் விளிம்பு உருண்டு, குழியின் ஓரத்தில் மெல்லிய பள்ளம் தெரியும். அழுத்தம் மிகுந்தால் விளிம்பு தட்டையாகி அந்தப் பள்ளம் மறையும். ஊசி அடித்த குழியைச் சுற்றி உலோகம் மேடிடலாம். இன்னும் மிகுந்தால் பிரைமர் துளைபட்டு வாயு கசியும்.

அறையைப் பின்புறம் அடைக்கும் போல்ட்டில், கூட்டை வெளியே உந்தும் முளை இருக்கும் துப்பாக்கிகளில், பித்தளை அந்த முளையின் துளைக்குள் பிதுங்கி, போல்ட் திரும்பும்போது வழிக்கப்பட்டு, அடியின் எழுத்துகள் மேல் பளபளப்பான வட்டத்தை விடும். போல்ட் கைப்பிடி கனப்பதும், கூடு அறையில் ஒட்டிக்கொள்வதும் தீவிர அறிகுறிகள். அடுத்த முறை நிரப்பும்போது பிரைமர் எதிர்ப்பின்றி வழுக்கி உட்கார்ந்தால் குழி விரிந்துவிட்டது என்று பொருள். இவற்றில் எது தென்பட்டாலும் சுடுவதை நிறுத்தி, எஞ்சிய தோட்டாக்களைப் பிரித்து, அளவைக் குறைப்பது விதி.

அறிகுறிகள் ஏமாற்றும் இடங்கள்

பிரைமர் கிண்ணத்தின் தடிப்பும் கெட்டித்தன்மையும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். மென்மையானது மிதமான அழுத்தத்திலும் தட்டையாகும். அறையில் கூடு தளர்ந்து கிடந்தால் குறைந்த அழுத்தத்திலும் பிரைமர் பின்வாங்கித் தட்டையாகும். ஊசித்துளை அகலமாயிருந்தால் மேடு தானாகவே விழும். ஈரமோ எண்ணெயோ உள்ள அறையும் போல்ட்டைக் கனக்க வைக்கும். மாசர் வகைத் துப்பாக்கியில் முளையே இல்லாததால் பளபளப்பு வட்டம் விழவே விழாது.

பொய்யாக எச்சரிப்பதைவிட மோசம், எச்சரிக்காமல் விடுவது. கூட்டின் கெட்டியான அடி விட்டுக்கொடுக்கத் தொடங்கும்போது .308 போன்ற தோட்டா தன் எல்லையைத் தாண்டியிருக்கும். .45-70இலோ பித்தளையில் ஒரு கீறலும் விழாமலே அழுத்தம் பழைய துப்பாக்கியின் தாங்குதிறனைக் கடந்துபோகும். அங்கே தடங்களைத் தேடுவதே பிழை. 1936இல் அமெரிக்கப் படை ஏற்ற எம்1 கேரண்ட் ரைஃபிளில் இன்னொரு சிக்கல்: மெதுவாக எரியும் மருந்து அறை அழுத்தத்தை எல்லைக்குள் வைத்தாலும், குழலின் வாயுத்துளையில் அழுத்தத்தை மிகுத்து இயக்கத் தண்டை வளைத்துவிடலாம். கூட்டின் அடியில் அதற்குச் சாட்சி இராது.

எனவே இன்று நம்பகமான குறிகாட்டியாக ஏற்கப்படுவது குண்டின் வேகம். கையேட்டின் உச்ச அளவுக்கு உரிய வேகத்தை, ஒத்த நீளமுள்ள குழலில், குறைந்த மருந்திலேயே எட்டிவிட்டால் அழுத்தமும் உச்சத்தை எட்டிவிட்டது என்றே கொள்ள வேண்டும். இலவச வேகம் என்று ஒன்றில்லை. டாப்ளர் ரேடாரில் இயங்கும் சிறிய குரோனோகிராஃபுகள், அதாவது குண்டின் வேகத்தை அளக்கும் கருவிகள், பரவிய பிறகு இந்தச் சோதனை எளிதாகிவிட்டது.

அழுத்தம் மாறும் காரணங்கள்

மருந்தின் எடை மாறாவிட்டாலும் அழுத்தம் மாறும். படைத்துறைக் கூடுகள் சில சுவர் தடித்து உள்ளிடம் குறைந்தவை. குண்டு குழலின் வரிகளைத் தொட்டபடி உட்கார்ந்தால் நகரத் தொடங்க அதிக அழுத்தம் வேண்டியிருக்கும். பிரைமர் வகை மாறினாலும் அளவை மறுபடி கீழிருந்து தொடங்குவார்கள். வெப்பமும் முக்கியம்: குளிர்காலக் காலையில் சரியாக நடந்த தோட்டா, கோடை வெயிலில் கிடந்தபின் போல்ட்டைக் கனக்க வைக்கலாம். வெப்பத்துக்கு எளிதில் மாறாத மருந்துகள் இதனாலேயே போட்டியாளர்களிடம் இடம்பிடித்தன.

பெரிய விபத்துகளுக்கு வழக்கமான காரணங்கள் இவற்றைவிட எளியவை: தவறான மருந்து, தவறான குண்டு, தராசின் பிழை. மேசையில் ஒரே நேரத்தில் ஒரே மருந்துப் புட்டி மட்டும் இருக்க வேண்டும், மருந்தை அதன் மூலப் புட்டியிலிருந்து மாற்றக் கூடாது, பெயர் தெரியாத மருந்தை அழித்துவிட வேண்டும் என்பவை இதற்கான நடைமுறைகள். ஒவ்வொரு தொகுதிக்கும் மருந்து, எடை, குண்டு, பிரைமர், கூடு, நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டுவதும் அவ்வாறே.

சட்டம்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி சொந்த உபயோகத்துக்கு நிரப்ப உற்பத்தி உரிமம் தேவையில்லை. விற்பனைக்குச் செய்தால் தோட்டா உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். மாநிலச் சட்டங்கள் வேறுபடும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமமும் தயாரிப்பு உரிமமும் வெவ்வேறு. முன்னது இருப்பதால் பின்னது கிடைத்ததாகாது.