பரங்கிப்பேட்டைக்கு எதுக்குப் பணம் கொடுக்கணும்?

அடையாறு, மயிலாப்பூர் ஆளுங்ககிட்ட கடல் ஆராய்ச்சின்னு சொன்னா, பள்ளிக்கரணையில இருக்கற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தைத்தான் சொல்வாங்க. 1993-ல ஆரம்பிச்சது. ஆனா அதுக்குப் பல வருஷம் முன்னாடியே, சென்னைக்குத் தெற்கே 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி, வெள்ளாறு கடல்ல கலக்கற பரங்கிப்பேட்டையில ஒரு ஆய்வு நிலையம் இருந்தது. இந்தப் பதிவு அதைப் பத்தி.

போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர், இங்கிலீஷ்காரர்னு எல்லாரும் வியாபாரம் பண்ணின ஊர் அது. 1781-ல ஹைதர் அலிக்கும் இங்கிலீஷ் படைக்கும் சண்டை நடந்ததும் அங்கேதான். அப்புறம் சரித்திரம் அந்த ஊரை மறந்துடுச்சு.

1950-கள்ல அண்ணாமலைப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் ஆர்.வி. சேஷையா அங்கே கடல் உயிரியல் நிலையத்தை உருவாக்கினார். ஏன் அங்கே? ஆறு, கழிமுகம், பிச்சாவரம் அலையாத்திக் காடு, கடல் எல்லாமே கூப்பிடு தூரத்துல இருக்கு. 1963-ல பல்கலைக்கழக மானியக் குழு உயராய்வு மையங்களைத் தேர்ந்தெடுத்தப்போ, கடல் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டைக்கு இடம் கிடைச்சது. தூரமா இருக்கறது குறையில்ல, தகுதின்னு ஒரு நிதி அமைப்பு ஒத்துக்கிட்ட அபூர்வமான சம்பவம்னு இதைச் சொல்லலாம்.

எல்லா ஊருக்கும் அப்படி அமையலை. 1947-ல தொடங்கின மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு ராமநாதபுரம் மண்டபம்தான் தலைமையகமா இருந்தது. 1971-ல அது கொச்சிக்குப் போயிடுச்சு. மண்டபம் கிளையாச்சு.

ஐரோப்பாவிலயும் இதே கதைதான். 2007 முதல் 2013 வரை நடந்த ஏழாவது ஆராய்ச்சித் திட்டத்துல, பொதுவா மூணு வெவ்வேறு நாட்டு நிறுவனங்களாவது கூட்டுச் சேர்ந்துதான் விண்ணப்பிக்கணும். பெரிய ஊர் ஆளுங்களுக்கு ஏற்கெனவே கூட்டாளிங்க உண்டு. அசோர்ஸ் மாதிரி நடுக்கடல் தீவுல இருக்கறவனை யார் கூப்பிடுவா? அதனால பின்தங்கின, தொலைதூரப் பகுதி நிறுவனங்களுக்குன்னே 34 கோடி யூரோ தனியா ஒதுக்கினாங்க. கருவி வாங்க, ஆள் எடுக்க, பெரிய நிறுவனங்களோட விஞ்ஞானிகளைப் பரிமாறிக்க. அதாவது போட்டி போடறதுக்கு முன்னாடி, போட்டி போடற பலத்துக்கே பணம்!

அந்தத் திட்டத்துல நம்ம நிறுவனங்களும் கூட்டாளியாச் சேர்ந்து நிதி வாங்க முடிஞ்சது. 2014-ல அடுத்த திட்டம் வந்தப்போ, தானா நிதி கிடைக்கற நாடுகள் பட்டியல்லேர்ந்து இந்தியாவை எடுத்துட்டாங்க. அந்தக் கதவு பாதி மூடினதுல அதிகம் அடி வாங்கறது சின்ன ஊர் நிறுவனங்கதான்.

சரி, சின்ன ஊருக்குப் பணம் கொடுத்தா என்ன லாபம்? 2004 சுனாமிக்கு அப்புறம் பரங்கிப்பேட்டை மையத்தோட கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையில 18 குப்பங்களை ஆராய்ஞ்சாங்க. அலையாத்திக் காடு உயிர்ச்சேதத்தைக் குறைச்சதுன்னு 2005-ல எழுதினாங்க. 2006-ல வெளிநாட்டு விஞ்ஞானிங்க அதே எண்களை மறுபடி கணக்குப் போட்டு, கடல்லேர்ந்து தூரமும் நிலத்தோட உயரமும்தான் காரணம், காட்டோட பங்கு கொஞ்சம்தான்னு மறுத்தாங்க. யார் சரின்னு வாதாடலாம். ஆனா வாதாட எண்கள் இருந்தது. அந்த எண்கள் எப்படி வந்தது? அந்தக் கரையிலேயே ஒரு ஆய்வகம் இருந்ததால!

பள்ளிக்கரணையில இருந்து கப்பல் அனுப்பலாம். ஆனா தினமும் காலையில கழிமுகத்துத் தண்ணியை எடுத்துப் பார்க்க, அங்கேயே ஒருத்தர் குடியிருக்கணும். பணம் அவருக்கும் போய்ச் சேரணும்.