டயட்டம்: செடியா, மிருகமா? ஒரு பழைய சண்டை

ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "மரத்திலிருந்து" என்றுதான் உடனே சொல்வோம். ஆனால் உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் செய்வது டயட்டம் என்ற ஒற்றைச் செல் பாசி. இது சிலிக்காவால் ஆன ஓட்டுக்குள் குடியிருக்கிறது. கண்ணாடி வீடு என்றே வைத்துக்கொள்ளுங்களேன்!

1703-ல் பெயர் சொல்லாத ஓர் ஆங்கிலேயர், நீர்த்தாவர வேர்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது குட்டிக் குட்டிச் சதுரங்களைக் கண்டதாக லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். டயட்டம் பற்றிய முதல் தெளிவான குறிப்பு அதுதான் என்கிறார்கள்.

சண்டை பிறகுதான் ஆரம்பித்தது. சில டயட்டங்கள் வழுக்கிக்கொண்டு நகரும். நகர்ந்தால் அது மிருகம்தானே? ஜெர்மனியின் எரென்பெர்க் அப்படித்தான் நினைத்தார். 1838-ல் வெளியிட்ட பெரிய நூலில், இவற்றுக்குப் பல வயிறுகள் உண்டு என்றே எழுதினார்.

இங்கிலாந்தின் ஜோசப் ஹூக்கர் வேறு மாதிரி யோசித்தார். 1839 முதல் 1843 வரை ராஸ் தலைமையில் அண்டார்டிகா போன கப்பல் பயணத்தில் அவரும் இருந்தார். அங்கே பனிக்கட்டியே பழுப்பாகும் அளவுக்கு டயட்டங்கள். புல் பூண்டு இல்லாத அந்தக் கடலில் இத்தனை உயிர்கள் எதைத் தின்று வாழ்கின்றன? டயட்டங்கள்தான் அங்கே செடிகளின் வேலையைச் செய்கின்றன என்றார் ஹூக்கர். அவர் சொன்னது சரி. டயட்டத்தை நுண்விலங்குகள் தின்கின்றன, அவற்றை மீன்கள் தின்கின்றன.

இதன் வளர்ச்சியும் விசித்திரம். ஓடு, மூடி போட்ட டப்பா மாதிரி இரண்டு பாதி. செல் பிரியும்போது ஆளுக்கொரு பாதி. இரண்டுமே அதை மூடியாக வைத்துக்கொண்டு உள்ளே சின்னதாக இன்னொரு பாதியைக் கட்டும். அதனால் பல இனங்களில் தலைமுறைக்குத் தலைமுறை சராசரி அளவு குறைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் பாலினப்பெருக்கம் நடந்து மறுபடி பெரிதாகும். செத்தபின் கடலடியில் படியும் ஓடுகள் மண்ணாகின்றன. 1867-ல் நோபல் டைனமைட்டுக்காக நைட்ரோகிளிசரினை ஊறவைத்தது இந்த மண்ணில்தான்.

அப்போ ஹூக்கர் ஜெயித்துவிட்டாரா? பாதிதான். 2004-ல் ஒரு டயட்டத்தின் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, நம் உடலில் இருப்பது போன்ற யூரியா சுழற்சி அதில் இருந்தது! டயட்டத்தின் மூதாதை ஒரு சிவப்புப் பாசியை விழுங்கி, அதன் பச்சையத்தைத் தனதாக்கிக்கொண்டது என்பது இன்றைய விளக்கம். ஆக, இது செடியும் இல்லை, மிருகமும் இல்லை, தனி வம்சம்.

கடல் சூடானால் அடிநீர்ச் சத்துகள் மேலே வருவது குறையும். அந்தச் சத்தை நம்பி வாழும் டயட்டமும் குறையலாம். மரம் நடுவோம், சரி. இந்தக் கண்ணுக்குத் தெரியாத காட்டை யார் காப்பாற்றுவது? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?