ஒரு பல்செட்டும் ஒரு கப்பல் பயணமும்

1930-களின் கடைசியில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஐபீரியா என்ற சிற்றூரில் இருந்த கறுப்பினத்தவர் ஒருவருக்கு முன்பின் தெரியாத ஆட்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. அவர் பெயர் பங்க் ஜான்சன். ஒரு காலத்தில் நியூ ஆர்லியன்ஸில் டிரம்பெட் வாசித்தவர். 1931-இல் ரெய்ன் என்ற ஊரில் ஒரு நடன நிகழ்ச்சியில் தகராறு மூண்டு, அவருடைய குழுவின் தலைவர் குத்திக் கொல்லப்பட்டார். ஜான்சனின் டிரம்பெட்டும் அன்றோடு போயிற்று. முன்பற்களும் போயின. டிரம்பெட்டை உதட்டில் அழுத்தி ஊதும்போது உதட்டுக்குப் பின்னால் தாங்கிக்கொள்ளப் பல் வேண்டும். பல் இல்லாதவருக்கு அந்த வாத்தியம் வெறும் பித்தளைதான். கிடைத்த கூலி வேலையைச் செய்து அவர் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

கடிதம் எழுதியவர்கள் கச்சேரி ஏற்பாட்டாளர்கள் அல்லர். பழைய இசைத்தட்டுப் பைத்தியங்கள். 1939-இல் வெளிவந்த ‘ஜாஸ்மென்’ என்ற நூலுக்காக அவர்கள் தகவல் திரட்டிக்கொண்டிருந்தார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் உட்படப் பலர் ஜான்சனின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். ‘புதுப் பல்லும் புது டிரம்பெட்டும் கிடைத்தால் திரும்ப வாசிப்பேன்’ என்பது ஜான்சன் அனுப்பிய பதிலின் சாரம். ஆளாளுக்குக் கையிலிருந்ததைப் போட்டார்கள். பல்செட்டைக் கட்டிக்கொடுத்தவர் லியோனர்ட் பெஷே என்ற பல் மருத்துவர். கிளாரினெட் மேதை சிட்னி பெஷேயின் அண்ணன். 1942-இல், வாழ்க்கையில் முதல்முறையாக, பங்க் ஜான்சனின் வாசிப்பு இசைத்தட்டில் பதிவாயிற்று.

முகம் பார்க்காத ஒருவருக்குப் பல் கட்டப் பணம் அனுப்புகிற இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது? பதில் பாதி, இசைத்தட்டின் நடுவிலுள்ள காகித வில்லையில் இருக்கிறது. 1920-களின் ஜாஸ் தட்டுகளில் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் இருக்கும்; யார் யார் வாசித்தார்கள் என்பது இருக்காது. ஆகவே ரசிகனுக்கு வேலை வந்தது. ஊசியைத் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வைத்து, ‘இந்த கார்னெட் பிக்ஸ் பைடர்பெக் தானா?’ என்று காதால் துப்பறிய வேண்டும். ஒருவன் காது போதாது. இன்னொருவனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்ல வேண்டும். அவன் மறுக்க வேண்டும். விடிய விடியச் சண்டை நடக்க வேண்டும். நட்பு அப்படித்தான் தொடங்கிற்று.

அந்தச் சண்டைகளுக்கு நியூயார்க்கில் ஒரு முகவரி இருந்தது: 42-ஆம் தெருவின் காமடோர் மியூசிக் ஷாப். கடைக்காரர் மில்ட் கேப்ளர், விற்பனையிலிருந்து நின்றுபோன பழைய தட்டுகளை நிறுவனங்களிடமிருந்து மீட்டு மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். வில்லையிலேயே வாசித்தவர்களின் பெயர்களை அச்சிட்டார். பாரிஸில் ‘ஹாட் கிளப்’ என்ற ஜாஸ் ரசிகர் சங்கத்துக்காரர்களில் ஒருவரான சார்ல் தெலோனே, ஓவியத் தம்பதியின் மகன், 1936-இல் ஒரு புத்தகமே போட்டார். அதில் கதையும் இல்லை, விமர்சனமும் இல்லை. எந்தத் தட்டில் யார், எப்போது, எங்கே என்ற பட்டியல் மட்டும். பஞ்சாங்கத்தைப் போன்ற அந்தப் புத்தகத்தை ரசிகர்கள் நாவலைப் படிப்பதுபோலப் படித்தார்கள்.

இதே காலத்தில், அமெரிக்காவில், இன்னொரு கூட்டம் வேறொரு காகிதத்தைச் சுற்றி உருவாகிக்கொண்டிருந்தது. லக்ஸம்பர்க்கிலிருந்து குடியேறிய ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் 1926 ஏப்ரலில் ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ பத்திரிகையைத் தொடங்கினார். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே வந்த முதல் ஆங்கில மாத இதழ் அது. மட்டமான தாள், கூச்சலிடும் அட்டைப்படம். வாசகர் கடிதப் பகுதியில் அவர் செய்த ஒரு காரியம் மட்டும் சரித்திரமாயிற்று: எழுதியவரின் முழு முகவரியையும் அச்சிட்டார். அந்த மாதிரிப் பத்திரிகை படிப்பதை வீட்டில் மறைத்து வைத்திருந்த சிகாகோ பையன், கிளீவ்லாந்தில் தன்னைப் போலவே ஒரு பையன் இருப்பதைக் கண்டுபிடித்தான். ஆசிரியருக்கு எழுதுவதை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

1930 மே மாதம் ‘தி காமெட்’ என்ற இதழ் வந்தது. ரசிகர்களே ரசிகர்களுக்காக நடத்திய இப்படிப்பட்ட இதழ்களுக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் ‘ஃபேன்ஸின்’ என்ற பெயர் கிடைத்தது. காசுள்ளவன் அச்சகத்துக்குப் போனான். இல்லாதவன் தட்டில் ஜெலட்டினை உறையவைத்து, ஊதா மையில் எழுதிய தாளை அதன்மேல் ஒற்றி எடுத்து, வெறும் தாள்களை ஒவ்வொன்றாகப் பதித்தான். ஐம்பது பிரதி வருவதற்குள் எழுத்து வெளிறிவிடும். விரல் மட்டும் ஒரு வாரத்துக்கு ஊதாவாகவே இருக்கும். இன்னொரு வழி, நம் ஊர்க் கல்லூரிகளும் கட்சிக்காரர்களும் நன்றாக அறிந்த சைக்ளோஸ்டைல். மெழுகுத் தாளில் தட்டச்சுப் பிழை விழுந்தால் நகப்பூச்சைப் போன்ற ஒரு திரவத்தைத் தடவி, காயும்வரை ஊதிக்கொண்டிருந்து, மேலே திரும்ப அடிக்க வேண்டும். ரசிகர்கள் அதற்கு ‘கோர்ஃப்ளு’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். பின்னாளில் ஒரு மாநாட்டுக்கே அந்தத் திரவத்தின் பெயர்தான்.

1937-இல் டொனால்ட் வோல்ஹைம் தொடங்கிய ‘ஃபாப்பா’ சங்கத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் இதழைப் போதிய பிரதிகள் எடுத்து ஒரே ஆளுக்கு அனுப்புவார். அவர் எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி எல்லோருக்கும் அனுப்புவார். அடுத்த கட்டில், முந்தைய கட்டைப் பற்றிய கருத்துகள் வரும். அதற்கடுத்ததில், கருத்துகளைப் பற்றிய கருத்துகள். கொஞ்ச காலத்தில் ராக்கெட்டும் செவ்வாய்க் கிரகமும் பின்னால் போய், ஒருவரின் பூனை, இன்னொருவரின் பட்டாளத்து அனுபவம், வேறொருவரின் இசைத்தட்டு அலமாரி என்று பேச்சு எங்கெங்கோ திரிந்தது. சங்கம் தழைத்ததே இந்த வெட்டிப் பேச்சால்தான் என்று தோன்றுகிறது. தன் பெயரை அச்சில் பார்க்கும்போது வரும் பூரிப்புக்கு ‘ஈகோபூ’ என்று அவர்களே பெயர் வைத்துத் தங்களைக் கேலி செய்துகொண்டார்கள்.

இரண்டு கூட்டத்துக்கும் உள்ள ஜாடை ஒற்றுமையை வெளிப்படையாகச் சொன்னவர் ஆங்கில நாவலாசிரியர் கிங்ஸ்லி ஏமிஸ். ஆக்ஸ்ஃபர்டில் மாணவராக இருந்தபோது கவிஞர் ஃபிலிப் லார்கினோடு சேர்ந்து ஜாஸ் தட்டுகளில் ஊறியவர். 1959-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானக் கதை பற்றிச் சொற்பொழிவாற்றப் போனவர், ஜாஸிலிருந்தே தொடங்கினார். இரண்டும் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் அல்லது மூன்றாம் பத்தாண்டில் தனி உருக்கொண்டவை. இரண்டும் அமெரிக்கச் சரக்கு. இரண்டும் விடலைப் பருவத்தில் பிடித்தால் பிடித்தது, இல்லாவிட்டால் இல்லை என்பது அவர் வாதம். மறுவருஷம் ‘நியூ மேப்ஸ் ஆஃப் ஹெல்’ என்று அது நூலாயிற்று.

ஏமிஸ் வாதமாகச் சொன்னதை உடம்பாலேயே வாழ்ந்து காட்டியவர் பாரிஸின் போரிஸ் வியான். இரவில் நிலவறைக் கிளப்புகளில் டிரம்பெட், பகலில் ‘ஜாஸ் ஹாட்’ பத்திரிகைக்குப் பத்தி, இடையில் ஏ. இ. வான் வோக்ட்டின் விஞ்ஞான நாவல்களைப் பிரெஞ்சில் பெயர்க்கும் வேலை. இதய நோயாளி, டிரம்பெட் ஊதக்கூடாது என்பது மருத்துவர்களின் கட்டளை. 1951-இல் எழுத்தாளர் ரேமோன் கெனோவும் அவரும் இன்னும் சிலரும் விஞ்ஞானக் கதைக்காக ஒரு கிளப் வைத்தார்கள். அறிஞன், சாகசக்காரன் என்ற இரண்டு சொற்களைப் பிணைத்து அதற்குப் பெயர் சூட்டினார்கள். 1959-இல், 39 வயதில், வியான் இறந்துபோனார். அமெரிக்காவில் இந்த இரட்டைக் குடியுரிமை டெட் ஒயிட்டுக்கு இருந்தது. ‘மெட்ரோனோம்’ இதழின் ஜாஸ் விமர்சகராக இருந்தவர், விஞ்ஞானக் கதைத் துறையில் சிறந்த ரசிக எழுத்தாளருக்கான 1968-ஆம் ஆண்டு ஹ்யூகோ விருதைப் பெற்றார். பிறகு அதே ‘அமேஸிங்’ இதழுக்கே ஆசிரியராகவும் அமர்ந்தார்.

இதைப் படித்து, எல்லோரும் தோளில் கைபோட்டுக்கொண்டு திரிந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1939 ஜூலையில் நியூயார்க்கில் கூடிய முதல் உலக விஞ்ஞானக் கதை மாநாட்டில் ஆறு பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பிரசுரம் விநியோகித்துக் கலகம் செய்வார்கள் என்ற பயம். அந்த ஆறில் வோல்ஹைமும் ஃபிரெடரிக் போலும் இருந்தார்கள். பிற்காலத்தில் அந்தத் துறையின் பெரும் பதிப்பாசிரியர்கள். ஜாஸ் பக்கம் சண்டை இன்னும் கெட்டி. 1940-களில் பீபாப் என்ற புதிய பாணி வந்ததும், பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணிக்காரர்களை எதிரணி ‘பூசணம் பிடித்த அத்திப்பழம்’ என்று ஏசியது. பிரெஞ்சு ஹாட் கிளப்பே அந்தச் சண்டையில் இரண்டாக உடைந்தது.

ஆனாலும் கூட்டம் கலையவில்லை. லண்டன் விஞ்ஞானக் கதை ரசிகர்கள் வியாழக்கிழமைதோறும் ஃபெட்டர் லேனிலுள்ள ஒயிட் ஹார்ஸ் மதுக்கடையில் கூடுவார்கள். பின்னாளில் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க் அந்த ஜமாவில் ஒருவர். கடையின் பெயரை லேசாக மாற்றி ஒரு கதைத் தொகுதியே எழுதினார். கடைக்காரர் ஹாட்டன் கார்டனிலுள்ள வேறு கடைக்கு மாறியதும், ரசிகர்கள் மொத்தமாக அவர் பின்னாலேயே போய்விட்டார்கள்.

பெல்ஃபாஸ்டில் வால்ட் வில்லிஸ் என்ற அரசு ஊழியர், கை அச்சுப்பொறியில் எழுத்து எழுத்தாகக் கோத்து ‘ஸ்லான்ட்’ என்ற இதழைக் கொண்டுவந்தார். அவருடைய நகைச்சுவைக்கு அட்லாண்டிக்குக்கு அப்பால் பெரிய மவுசு. அவரோ அமெரிக்காவைப் பார்த்ததில்லை. அங்கிருந்த ரசிகர்கள் சில்லறை சில்லறையாகச் சேர்த்து, 1952 சிகாகோ மாநாட்டுக்கு அவரைக் கப்பலில் வரவழைத்தார்கள். அந்த வசூலே மறுவருஷம் நிரந்தர நிதியாகி, கடலின் இரு கரைகளுக்கும் ரசிகர்களை மாறி மாறி அனுப்பத் தொடங்கியது. பெல்ஃபாஸ்ட் வீட்டின் மாடியில் வில்லிஸும் பாப் ஷாவும் ஜேம்ஸ் ஒயிட்டும் மற்றவர்களும் அட்டைத் துண்டுகளை மட்டையாக வைத்துக்கொண்டு, தாங்களே கண்டுபிடித்த ஒருவகை அறைப் பூப்பந்தை வியர்க்க வியர்க்க ஆடினார்கள். ஷாவும் ஒயிட்டும் பிறகு பெயர்பெற்ற நாவலாசிரியர்கள் ஆனார்கள்.

வில்லிஸுக்குக் கிடைத்த மாதிரி விருந்தோம்பல் பங்க் ஜான்சனுக்குக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. வெள்ளைக்காரச் சேகரிப்பாளர்கள் அவரிடம் தேடியது 1905-ஆம் வருஷத்தை. நாற்பது வருஷம் உறைந்து கிடந்த ஒரு நியூ ஆர்லியன்ஸ் அவர் டிரம்பெட் வழியாக வரவேண்டும். அவருக்கோ அன்றைய நடனப் பாட்டுகள் பிடித்திருந்தன. அவர்கள் கூட்டிவைத்த பக்கவாத்தியக்காரர்களோடு அவருக்கு ஒத்துப்போகவும் இல்லை. 1947 டிசம்பரில், நியூயார்க்கில், கடைசிப் பதிவில்தான் துணைக்கு யார், வாசிப்பது என்ன என்பதை அவரே முடிவு செய்தார். பழைய ராக்டைம் மெட்டுகளையும் சந்தையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுகளையும் அவர் கலந்து வாசித்தார். அந்தத் தட்டு வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.