ரயில் வராத ஊர்

நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் மூன்று வாரம் ஆபீஸ் வேலை. நடுவில் மூன்று நாள் லீவு கிடைத்தது. டீமில் இருந்த மற்றவர்கள் மலை பார்க்க டென்வருக்குக் கிளம்பினார்கள். "நீ எங்க போற?" என்று கேட்டார்கள். கான்சாஸ் என்றேன். "அங்க என்ன இருக்கு, வெறும் வயல்தானே?" என்று சிரித்தார்கள். அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்த வயலுக்கு நடுவில் ஒரு ஊரைப் பல வருடங்களாகப் பார்க்க நினைத்திருந்தேன். அதன் பெயர் நிக்கோதேமஸ். தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு நிக்கொதேமு என்றால் தெரியும்.

வாடகைக் கார், ஒரு டப்பா எலுமிச்சை சாதம், ஒரு பெரிய ஃபிளாஸ்க் காபி. இன்டர்ஸ்டேட்டில் ஏறாமல் பழைய யு.எஸ். 6 சாலையைப் பிடித்து மேற்கே கிளம்பினேன். இன்டர்ஸ்டேட்டில் போனால் ஊர் எதுவும் கண்ணில் படாது, பெட்ரோல் பங்க்தான் தெரியும்.

இந்தச் சாலையோரத்து ஊர்ப் பெயர்களில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிரீட், டார்செஸ்டர், எக்ஸெட்டர், ஃபேர்மாண்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லாண்ட், ஜூனியாட்டா, கெனெஸா, லோவெல். ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். சி, டி, இ, எஃப், ஜி என்று அகராதி மாதிரி வரிசையாக வரும். 1870களின் தொடக்கத்தில் பர்லிங்டன் ரயில் கம்பெனி தண்டவாளம் போட்டுக்கொண்டே போனபோது, ஸ்டேஷன்களுக்கு வைத்த பெயர்கள் இவை. நடுவில் ஃப்ரெண்ட், சட்டன் என்று வரிசையில் சேராத ஊர்களும் உண்டு. நாங்கள் டெஸ்ட் சர்வர்களுக்குப் பெயர் வைப்பதும் இப்படித்தான், அதனால் எனக்கு இது ரொம்பப் பிடித்துப் போனது.

சிரித்து முடித்தபிறகுதான் விஷயம் உறைக்கிறது. இங்கே பல இடங்களில் ஊர் இருந்து அதற்கு ரயில் வரவில்லை. ரயில் வந்து ஊரை உண்டாக்கியது. விவசாயி குதிரை வண்டியில் கோதுமையை ஏற்றிக்கொண்டு வந்து, விற்று, சாமான் வாங்கி, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். அந்தத் தூரத்தைக் கணக்கில் வைத்து எட்டு, பத்து மைலுக்கு ஒரு ஸ்டேஷன். ஸ்டேஷன் பக்கத்தில் எலிவேட்டர். எலிவேட்டர் என்றால் நாம் ஏறும் லிஃப்ட் இல்லை, தானியத்தை வாளி வாளியாக மேலே தூக்கிக் கொட்டிச் சேமிக்கும் உயரமான கிடங்கு. சமவெளியில் ஊர் வருவதற்குப் பல மைல் முன்னாலேயே இதுதான் தெரியும், நம் ஊர்க் கோபுரம் மாதிரி.

இந்த வரிசையில் எச் எழுத்து ஹார்வர்டுக்குப் போனது. ஆனால் இன்று அந்தப் பகுதியின் பெரிய ஊர் ஹேஸ்டிங்ஸ். காரணம், இரண்டு ரயில் பாதைகள் அங்கே குறுக்கே வெட்டிக்கொண்டன. முதலில் கவுண்டியின் தலைமையிடமாக இருந்த ஜூனியாட்டா சில வருடங்களிலேயே அந்த இடத்தை ஹேஸ்டிங்ஸிடம் இழந்தது.

ஹேஸ்டிங்ஸில் இருந்து தெற்கே யு.எஸ். 281. நாவலாசிரியை வில்லா கேதர் வளர்ந்த ரெட் கிளவுட் ஊரில் ஒரு காபி. கான்சாஸுக்குள் நுழைந்ததும் லெபனான், 48 மாநிலங்களின் நடுப்புள்ளி என்று அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கல்தூண் வைத்திருக்கிறார்கள். என்னைத் தவிர யாரும் இல்லை. போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

இங்கே சாலைகள் கோடு போட்ட நோட்டு மாதிரி. 1785ஆம் வருடச் சட்டப்படி நிலம் முழுவதையும் சதுரமாக அளந்தார்கள். ஒரு மைலுக்கு ஒரு மைல் ஒரு செக்ஷன், அதாவது 640 ஏக்கர். அதில் கால்வாசி 160 ஏக்கர். 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது இந்தக் கால்வாசியைத்தான். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். நேராகப் போகிற சாலை திடீரென்று கொஞ்சம் ஒடிந்து, மறுபடி நேராகும். பூமி உருண்டை, சதுரம் அதில் ஒட்டாது, அதனால் அங்கங்கே திருத்தம் செய்திருக்கிறார்கள். ரவுண்டிங் எரர் மேல் கார் ஓட்டியது வாழ்க்கையில் அன்றுதான்.

இந்தச் சதுரங்களை நம்பித்தான் 1877இல் கென்டக்கியில் இருந்து கறுப்பின மக்கள் கிளம்பினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து 12 வருடம். தெற்கு மாநிலங்களில் அவர்களுக்குக் காவலாக நின்ற மத்திய அரசு அந்த வருடம்தான் கையை விரித்தது. டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நிலத் தரகரும், டபிள்யூ. ஹெச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும் சேர்ந்து ஒரு டவுன் கம்பெனி ஆரம்பித்தார்கள். நல்ல மண், நல்ல தண்ணீர், சொந்த ஊர் என்று விளம்பரம். அந்த வருடம் செப்டம்பரில் சுமார் 300 பேர் ஒரே கூட்டமாக வந்து இறங்கினார்கள்.

வந்து பார்த்தால் மரமே இல்லை. மரம் இல்லாததால் வீடும் இல்லை. மண்ணைக் குடைந்து குழியில் குடியிருந்தார்கள். அடுப்புக்கு வறட்டி. ஏர் உழக் குதிரைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், பலர் மண்வெட்டியால் கொத்தி விதைத்தார்கள். ஏமாற்றிவிட்டான் என்று ஹில் மேல் கொலைவெறி. பல குடும்பங்கள் திரும்பிப் போய்விட்டன. அடுத்த வருடம் வந்தவர்களில் ஒருவர் வில்லியானா ஹிக்மன். ரயிலை விட்டு எல்லிஸ் என்ற ஊரில் இறங்கி, அங்கே அம்மைக்குக் குழந்தைகள் சிலரைப் பறிகொடுத்து, பிறகு இரண்டு நாள் வெட்டவெளியில் பயணம். நிக்கோதேமஸ் வந்துவிட்டது என்று ஆண்கள் கத்துகிறார்கள். இவர் தேடுகிறார், ஊரைக் காணோம். தரையில் இருந்து புகை வரும் இடத்தைக் கணவர் காட்டுகிறார். அதுதான் ஊர். அழுதுவிட்டேன் என்று வயதான காலத்தில் சொல்லிப் பதிவாகியிருக்கிறது. மூன்று பாரா தாண்டாத அந்த நினைவைப் படித்ததில் இருந்துதான் எனக்கு இந்த ஊர்ப் பைத்தியம்.

முதல் குளிர்காலத்தில் ஓசேஜ் பழங்குடியினர் உணவு கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். சொந்த நிலத்தை இழந்தவர்கள், அரசாங்கம் பங்கு போட்ட நிலத்துக்கு வந்தவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் ஊர் நிமிர்ந்தது. கடைகள், ஹோட்டல், சர்ச், பள்ளிக்கூடம், இரண்டு செய்தித்தாள்கள். இங்கே குடியேறிய எட்வர்ட் மக்கேப் 1882 தேர்தலில் ஜெயித்துக் கான்சாஸ் மாநிலத்தின் தணிக்கை அதிகாரி ஆனார். குழியில் தொடங்கிய ஊருக்கு ஐந்தே வருடத்தில் இது நடந்தது.

மீதி இருந்தது ரயில் ஒன்றுதான். 1887இல் மிசௌரி பசிஃபிக் கம்பெனியைக் கூப்பிட, 16,000 டாலருக்குப் பத்திரம் வெளியிட ஊர் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். கம்பெனி வரவில்லை. அதன் தண்டவாளம் கிழக்கே சுமார் 20 மைல் தள்ளி ஸ்டாக்டனிலேயே நின்றுவிட்டது. 1888இல் யூனியன் பசிஃபிக் வந்தது, ஆனால் சாலமன் ஆற்றுக்கு அந்தப் பக்கமாக. சில மைல் தள்ளி போக் என்று ஒரு புது ஊர் முளைத்தது. நிக்கோதேமஸ் வியாபாரிகள் கடையை மூடிக்கொண்டு அங்கே போனார்கள். சிலர் கட்டடத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேப்பரும் நின்றன.

ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்? நிறவெறி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டேன். வெள்ளைக்காரர்களின் ஊர்களையும் ரயில் கம்பெனிகள் இப்படி ஒதுக்கியிருக்கின்றன. ஏற்கெனவே இருக்கிற ஊரில் மனைகள் வேறு யாரோ கைக்குப் போயிருக்கும். தள்ளி ஒரு பொட்டல் காட்டில் ஸ்டேஷன் போட்டால், மனை விற்கிற லாபம் முழுவதும் தன் பக்கம். வரலாற்றாசிரியர் கென்னத் ஹாமில்டன் 1991இல் எழுதிய புத்தகத்தில், இந்தக் கறுப்பின ஊர்களே கூட முதலில் ரியல் எஸ்டேட் முயற்சிகள்தான் என்று வாதிடுகிறார். அவர் சொல்வதில் பாதி எனக்கு ஏற்பு. இதே ஹில் பெயரில் மேற்கே ஹில் சிட்டி என்று இன்னொரு ஊர் இருக்கிறது. அங்கே ரயில் வந்தது, இன்று கவுண்டி தலைமையிடமும் அதுதான்.

ஆனால் மீதிப் பாதி இடிக்கிறது. ரயில் தவறிய வெள்ளைக்கார ஊர்க்காரர் அடுத்த ஊரில் போய் எந்தத் தெருவிலும் கடை போடலாம். அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம். கறுப்பினக் குடும்பத்துக்கு அந்த அடுத்த ஊர் எப்படி வரவேற்பு கொடுக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? லாபக் கணக்கில் நிறம் வராமல் இருக்கலாம். நஷ்டம் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணி. தெருவில் ஆள் இல்லை. இப்போது குடியிருப்பவர்கள் இருபத்தைந்து பேருக்குள்தான். 1953இல் தபால் ஆபீஸையும் மூடிவிட்டார்கள். 1996இல் இதைத் தேசிய வரலாற்று இடமாக அறிவித்து, ஐந்து பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிறார்கள். இரண்டு சர்ச், பள்ளிக்கூடம், ஹோட்டலாக இருந்த வீடு, 1939இல் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய டவுன்ஷிப் ஹால். அந்த ஹாலில்தான் பார்வையாளர் மையம். ரேஞ்சர் அம்மா மேப்பை விரித்து, யாருடைய நிலம் எது என்று விரல் வைத்துக் காட்டினார். ரயிலைப் பற்றி இரண்டு மூன்று கேள்வி கேட்டேன். பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "வர்றவங்க எல்லாம் ரயிலைத்தான் கேக்கறாங்க. ஜூலையில வந்தா வேற மாதிரி கேப்பீங்க" என்றார்.

ஒவ்வொரு வருடமும் ஜூலை கடைசியில் ஹோம்கமிங். அடிமை முறை ஒழிந்ததைக் கொண்டாட அந்தக் காலத்தில் ஆரம்பித்த திருவிழா. முதலில் குடியேறியவர்களின் பேரன், பேத்திகள், அவர்களின் பிள்ளைகள் என்று நாடு முழுவதிலும் இருந்து நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். ஊர்வலம், பிரார்த்தனை, சாப்பாடு. இரண்டு நாளைக்கு ஊர் நிரம்பிவிடுமாம்.

திரும்பும்போது போக் வழியாக ஒரு சுற்று சுற்றினேன். ரயில் வந்த ஊர் அல்லவா. அங்கேயும் எலிவேட்டர், கொஞ்சம் வீடுகள், ஒரு நாய். நாய் மட்டும் என்னைக் கவனித்தது.

அடுத்த வருடம் இந்தப் பக்கம் வேலை வந்தால் ஜூலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஹில் சிட்டியில் ரூம் மூன்று மாதம் முன்னாலேயே புக் பண்ணச் சொல்லியிருக்கிறார் ரேஞ்சர் அம்மா.