கத்தரியும் காப்பறையும்

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் படம் எடுத்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எடுத்த படத்தைக் காத்தவர் யார், காவாமையால் இழந்தது எவ்வளவு என்னும் வினாக்கள் காலந்தாழ்ந்தே எழுந்தன. தென்னிந்தியாவின் முதற் கதைப்படமான 'கீசக வதம்' 1910களின் பிற்பகுதியில் சென்னையில் உருவாயிற்று. அதனை எடுத்த நடராஜ முதலியார், படச்சுருளைக் கழுவும் கூடத்தைச் சென்னையில் வைக்காமல் பெங்களூரில் அமைத்தார். அவ்வூரின் குளிர்ச்சி சுருளுக்கு உகந்தது என்பது அவர் எண்ணம். வெப்பமே சுருளுக்குப் பகை என்பதை முதல் முயற்சியிலேயே உணர்ந்தவரின் படத்தில் ஓரடிகூட இன்று எஞ்சவில்லை என்பது நோக்கத்தக்கது.

1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்த 'காளிதாஸ்' படத்தின் நிலையும் இதுவே. டி.பி. ராஜலட்சுமி நடித்த முதல் தமிழ்ப் பேசும்படம் அது. அக்காலப் படங்கள் பலவற்றின் சுருள்கள் மறைந்துவிட்டன. அரங்க வாயிலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் தங்கிவிட்டன. தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்கள் அந்த மெல்லிய தாள்களையும் விளம்பரங்களையும் இதழ்க் குறிப்புகளையும் துணையாகக் கொண்டே தொடக்ககாலத் திரை வரலாற்றை மீட்டெழுதினர். பாட்டெழுதுவோர் இதில் சிறிது பெருமை கொள்ளலாம்.

சுருள்கள் அழிந்தமைக்குக் காரணங்கள் பல. பழைய படங்கள் நைட்ரேட் சுருளில் பதிந்தவை. அது எளிதில் தீப்பற்றும். பற்றினால் நீரில் அமிழ்த்தினாலும் அணையாது. சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக ஓடி முடிந்த படிகள் எடைக்கு விற்கப்பட்டதும் உண்டு. பின்னர் வந்த அசிட்டேட் சுருள் தீக்கு அஞ்சவில்லை. ஆனால் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்து, காடி நாற்றம் வீசிச் சுருங்கியது. தென்னகத்தின் ஊமைப்படங்களில் இன்று முழுமையாகக் காணக் கிடைப்பது 1933இல் எடுக்கப்பட்ட 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே எனலாம். அதுவும் எவரும் போற்றிக் காத்ததால் தப்பியதன்று. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலுக்குப் பதிப்புரிமை பெற்றிருந்த திருவனந்தபுரத்துப் பதிப்பகம் வழக்குத் தொடுத்தது, திரையிடல் நின்றது, படப்பெட்டி பதிப்பகத்தார் வசம் கிடந்தது. 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதனைப் பெற்றது. ஊர் ஊராக ஓடித் தேய்ந்த படங்கள் போயின. வழக்கில் சிக்கி முடங்கிய படம் பிழைத்தது.

அக்காப்பகம் 1964இல் தோன்றியது. பி.கே. நாயர் அதனை வளர்த்தார். எனினும் 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீ விபத்தில் நைட்ரேட் சுருள்கள் பல எரிந்தன. காப்பகத்துக்கும் மற்றோர் இடத்தில் மறுபடி வேண்டும் என்பதை அத்தீ காட்டிற்று.

படத்தொகுப்பின் கதை இதனோடு பின்னியது. மூவியோலா, ஸ்டீன்பெக் ஆகிய பொறிகளின் காலத்தில் தொகுப்பாளர் கத்தரித்து ஒட்டியது மூலச்சுருளையன்று; அதிலிருந்து எடுத்த படியையே. வெட்டு முடிவான பின்னரே, ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களைக் கொண்டு மூலச்சுருள் வெட்டப்பட்டது. மூலத்தின்மீது அத்தனை அச்சம், அத்தனை மதிப்பு. 1994இல் வெளிவந்த 'மகாநதி' இந்தியாவில் ஆவிட் கணிப்பொறியில் தொகுக்கப்பட்ட முதற்படமாகக் குறிக்கப்படுகிறது. அதன்பின் வெட்டு விரைவாயிற்று. காப்பில் அவ்விரைவு ஏற்படவில்லை. 'வீடு' (1988), 'சந்தியா ராகம்' (1989) ஆகிய தம் படங்களின் மூலச்சுருள்களே இல்லாமற் போயின என்று பாலு மகேந்திரா தம் இறுதி ஆண்டுகளில் வெளிப்படையாக வருந்தினார். தாஜ்மகாலைப் போல நிற்க வேண்டியவை முப்பதாண்டுகூட நிற்கவில்லை. மறுபுறம், 1964இல் வந்த 'கர்ணன்' பழுது நீக்கப்பட்டு 2012இல் மீண்டும் திரைக்கு வந்து நன்றாக ஓடியது. சுருள் கைக்கெட்டும் நிலையில் இருந்ததால்தான் அது இயன்றது.

தேனி வட்டாரத்துக்கு இக்கதையில் தனித் தொடர்பு உண்டு. அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977இல் '16 வயதினிலே' வழியாகப் படக்கருவியைக் கிராமத்துக்கு வெளிப்படையாகக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் வீடியோ வந்தது. ஊர்க்காரர்களே தம் திருமணத்தையும் திருவிழாவையும் கவியரங்கத்தையும் நாடாவில் பதியலாயினர். வருசநாட்டு மலையடிவாரத்து மயிலாடும்பாறை போன்ற ஊரில் இன்று சிறு ஒளிப்பதிவுக்கூடம் வைப்பவர், தம்மை அறியாமலே அவ்வூரின் ஆவணக் காப்பாளரும் ஆகிவிடுகிறார். வைகை அணை 1959இல் எழுந்தபோது மூழ்கிய ஊர்களின் வாழ்வை வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' எழுத்தில் நிறுத்தியது. அவ்வூர்க் கிழவிகளின் ஒப்பாரிக் குரலை எழுத்தால் நிறுத்த இயலாது.

அத்தகைய கூடத்தார் எந்த மென்பொருளை வாங்குவது என்றே முதலில் வினவுவர். வரலாறு அறிந்தோர்க்கு அது இரண்டாம் வினாவே. ஆப்பிள் நிறுவனம் 2011இல் ஃபைனல் கட் புரோவின் புதிய பதிப்பை வெளியிட்டபோது, முந்தைய பதிப்பில் செய்த தொகுப்புக் கோப்புகளை அதனால் திறக்க இயலவில்லை. பல்லாண்டு உழைப்பு பூட்டிய பெட்டியாயிற்று. எனவே விலையினும் விரைவினும் முன்னதாக, வெட்டின் குறிப்பைப் பிறர் படிக்கும் வடிவில் வெளியே தருமா என்று பார்ப்பதே முறை. கேடென்லைவ் என்னும் கட்டற்ற மென்பொருள் தன் குறிப்பை எவரும் திறந்து பார்க்கத்தக்க வெற்றெழுத்தாகவே எழுதிவைக்கிறது. தாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பிலும் சிறு கூடத்தின் வேலை முழுதும் முடியும். அதில் ஒவ்வொரு பணியின் முடிவிலும் வெட்டுப்பட்டியலைத் தனியே எடுத்துவைத்தல் வேண்டும். பாட்டுப் புத்தகம் செய்த பணியை அப்பட்டியல் செய்யும்.

கருவியிலும் இவ்வாறே. புதிய கணிப்பொறிக்குச் செலவிடுமுன், பழைய நாடாவை ஓட்டும் பொறி ஒன்றைத் தேடிப் பிடிப்பது அவசரம். வி.எச்.எஸ். பொறிகளைச் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடும் பொறிகள் ஆண்டுதோறும் குறைகின்றன. நாடாவிலோ பூஞ்சை ஏறுகிறது. இடமும் பெரிதன்று. மினி டிவி முறையில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட் ஆகும். நூறு மணி நேரக் கவியரங்கப் பதிவு 1,300 ஜிகாபைட்டில் அடங்கிவிடும்; 2 டெராபைட் வன்வட்டு ஒன்று போதும். ஆயினும் ஒன்று போதாது. கூடத்தில் ஒரு படி, அதே ஊரில் வேறு வீட்டில் ஒரு படி, தேனியிலோ மதுரையிலோ மூன்றாம் படி என வைத்தல் நலம். ஆண்டுக்கொரு முறையேனும் வன்வட்டை இயக்கிப் பார்த்து, சில ஆண்டுகளில் புதியதற்கு மாற்றுதல் வேண்டும். தொகுத்த படம் மட்டுமன்றி, தொகுக்காத முழுப்பதிவும் காப்புக்கு உரியது; வெட்டி எறிந்த பகுதியில்தான் ஒருவேளை அந்தக் கவிஞரின் குரல் இருக்கும்.

பெயரிடுதலைப் பலரும் மறந்துவிடுகின்றனர். உறையின்மேல் வெறுமனே 'ஆண்டு விழா' என்று எழுதிய நாடாக்கள் பல அமைப்புகளின் அலமாரிகளில் உள்ளன. பாடியவர், பாடிய பொருள், ஊர், நாள், பதிந்தவர் ஆகியவற்றை அடங்கலாக ஒரு குறிப்பேட்டில் மையால் எழுதி, அதே எண்ணைக் கோப்புக்கும் இடுதல் வேண்டும். விழாவில் அமர்ந்திருந்தோர் இன்னார் இன்னார் என்று அடையாளம் சொல்லக்கூடிய முதியோர் இருக்கும்போதே அவர்களை அழைத்து, நாடாவை ஓட்டிக் காட்டி எழுதிக்கொள்ள வேண்டிய குறிப்புகள் அவை.